பதின்மூன்றாம் பக்கத்துச் சுவர்

ஏரியைக் காத்து, கரும்பைக் காத்து, இன்று கைநழுவிப் போகவிருந்த ஒரு பள்ளிக்கூடத்தையும் காத்து நிற்கும் நெல்லிச்சாவடிப் பெருமக்களே! தலைமை ஏற்றுவிட்டு, மைக் சரியில்லை என்று மூன்று முறை எழுந்து மூன்று முறை அமர்ந்த அண்ணன் விஜயராஜ் அவர்களே! சுவரையே புத்தகமாக்கிய தலைமையாசிரியை செல்வகுமாரி அம்மையார் அவர்களே! நாற்காலிகளை எங்களுக்குத் தந்துவிட்டுத் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மேடைக்கு வரமாட்டேன் என்று மின்கம்பத்தைப் பிடித்தபடி நிற்கும் கரும்பு விவசாயி, பதின்மூன்றாம் பக்கத்துக் குழந்தைவேல் அவர்களே! உங்கள் அனைவருக்கும் வில்லியனூர் பெயிண்ட் கடைத் தமிழ்க்குமரனின் பணிவான வணக்கம்!

பெயிண்ட் விற்பவனுக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மன்னிப்புக் கேட்கும் வேலை இருக்கிறது, ஐயா!

போன ஆண்டு செல்வகுமாரி அம்மையார் என் கடைப் படியேறி வந்தார். "எங்க தெருவுல இருவத்திநாலு வூடு. வூட்டுக்கு ஒரு பக்கமா ஒரே கதைய வரையப் போறோம்" என்றார். நான் சிரித்தேன். "டீச்சர், அது ஏரிக்கரை ஊரு. செவுரெல்லாம் ஊறிக் கெடக்கு. மூணு மாசத்துல உரிஞ்சி கையில வந்துடும்" என்றேன். அப்போது அவர் சொன்ன சொல் இன்றும் என் காதில் நிற்கிறது. "ஒம்பது புள்ளைங்கதான் இருக்கு தம்பி. ஜூன் மாசத்துக்குள்ள பத்து ஆவலைன்னா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க. மூணு மாசம் நின்னு நாலு பேரு வந்து பாத்தாப் போதும்" என்றார்.

வரைந்தார்கள். அந்தப் படம் மூன்று மாதமா நின்றது? மழை வந்தது, படம் நின்றது! மார்கழிப் பனி வந்தது, நின்றது! சித்திரை வெயில் வந்தது, அப்போதும் நின்றது! ஏன் நின்றது? என் பெயிண்டாலா? அட, இல்லை ஐயா! சுவருக்குச் சுவர் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, காயவைத்து, பட்டி பூசியது யார் கை? இதோ தரையில் அமர்ந்திருக்கிறார்களே, இந்தத் தாய்மார்களின் கை! (கைதட்டுங்கள், அவர்களுக்காகத் தட்டுங்கள்!)

வெளியூர்க்காரர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். கஸ்தூரி என்று ஓர் எருமை. ஏரியிலேயே ஊறிக் கிடந்த அதற்கு ஒருநாள் கடலைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. முதல் வீட்டுச் சுவரில் புறப்படுகிறது. கரும்புத் தோட்டம், வாய்க்கால், செங்கல் சூளை என்று வீடு வீடாக நடந்து, பன்னிரண்டாம் வீட்டில் தவளக்குப்பம் கூட்டு ரோட்டுக்கு வந்து நிற்கிறது. இந்தப் பக்கம் பஸ், அந்தப் பக்கம் லாரி. நடுநடுங்கி நிற்கிறது கஸ்தூரி! பதினாலாம் வீட்டில் பார்த்தால், ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்கிறது. எப்படித் தாண்டியது? பதின்மூன்றாம் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் சுவரோ வெறும் வெள்ளைச் சுவர்!

ஏன் வெள்ளை? அது குழந்தைவேல் அண்ணன் வீடு. "என் செவுரு புக் ஆயிடுச்சிபா. தேர்தலுக்கு அஞ்சு வருசத்துக்கு ரிசர்வு" என்று சொல்லிவிட்டார். சுண்ணாம்பு அடித்துப் பெயர் எழுதிப்போன கட்சிக்காரர் திரும்பி வரவில்லை, அடுத்த மழையில் அந்தப் பெயரும் கரைந்துபோனது. அண்ணனின் வாக்கு மட்டும் கரையவில்லை! என்ன அண்ணே, முறைக்கிறீர்கள்? பாராட்டித்தானே பேசுகிறேன்!

வண்டி நிற்காத இந்த ஊரில் இன்று வண்டி நிறுத்த இடமில்லை. கரும்புச்சாறு கடை வந்துவிட்டது, இட்லிக் கடை வந்துவிட்டது. தபால்காரர்கூட "ஏழாம் பக்கத்து அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். வருகிற அத்தனை பேரும் எங்கே நிற்கிறார்கள்? பதின்மூன்றாம் வீட்டு வாசலில்! "எருமை எப்படிண்ணா ரோட்டத் தாண்டுச்சு?" முதல் வாரம் அண்ணன், "எனக்கு இன்னா தெரியும், போப்பா" என்றார். இரண்டாம் வாரம், "போலீஸ்காரர் கை காட்டினாரு" என்றார். மூன்றாம் வாரம், கண்டக்டர் அரை டிக்கெட் போட்டு எருமையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்! அதற்குப் பிறகு கேட்பானேன், ஆளுக்கு ஒரு கதை, நாளுக்கு ஒரு கதை! படம் வரையாத அந்தச் சுவர்தான் இந்தத் தெருவிலேயே அதிகம் பேசிய சுவர்.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உரிந்ததா இல்லையா என்று பார்க்கத்தான் நான் வந்தேன். உரியவில்லை. உள்ளுக்குள் வெட்கம். பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது பேரோடு நானும் அண்ணன் வாசலில் உட்கார்ந்து கதை கேட்டேன். அப்போது வேன் வந்து நின்றது. அண்ணனின் மகள் சிந்து, யு.கே.ஜி. முடிக்கப்போகிற பெண், கழுத்து டையோடு இறங்கினாள். அவள் படித்தது கூட்டு ரோட்டுக்கு அப்பால். வேன் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், போகும்போதும் வரும்போதும் பிள்ளைகள் கைகோத்து ரோட்டைத் தாண்ட வேண்டும்.

கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்கிட்ட கேட்டிருக்கலாம்லபா? நானு தெனம் ரெண்டு வாட்டி அந்த ரோட்டத் தாண்டறேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எப்படிடி தாண்டுவ?"

"கண்ண இறுக்கி மூடிக்கினு."

பெருமக்களே! நானும் மேடைகளில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இந்த மூன்று சொல்லுக்கு முன்னால் அத்தனையும் தூசு! அண்ணன் சிரிப்பு அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் எருமை தாண்டிய கதை சொன்னவர், தன் மகள் தாண்டுவதை நினைத்துப் பார்த்ததில்லை. டையை அவிழ்த்துவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜூன் முதல் வாரம், பள்ளி திறந்த அன்று காலை, வாசலில் முதலில் நின்றது யார்? குழந்தைவேல் அண்ணன்! கையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? சிந்து! ஒன்றாம் வகுப்பு, பத்தாவது பிள்ளை! பள்ளி நிலைத்தது ஐயா, பள்ளி நிலைத்தது!

இன்று விழாவுக்கு வரும்போது ஒரு டின் பெயிண்ட் கொண்டுவந்தேன். "அண்ணே, இனிமேலாவது பதின்மூன்றாம் பக்கத்தை வரைவோமா?" என்று கேட்டேன். அவரோ, "இல்லபா, செவுரு புக் ஆயிடுச்சி" என்றார். மறுபடியுமா என்று கோபமாகத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில், காவியைக் குழைத்து, கோணல் எழுத்தில் அவரே எழுதியிருக்கிறார்: "ரிசர்வ். சிந்து. ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும். அஞ்சு வருசம்."

என் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பெயிண்ட் டின்னைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். இவ்வளவு நேரம் பொறுமை காத்த உங்களுக்கு நன்றி. இருபத்துநான்கு பக்கத்து வீடுகளுக்கும், பத்துப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்!