கூரை மேலே சோலார் வேலை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில், கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவரு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சுக்கா. ஆனா நான் எழுந்து போவல," என்றாள் இளையவள்.

"இன்னாடி சொல்ற?"

"கூரை மேல சோலார் மாட்டிக்கினு இருந்தாங்க. கீழ நாங்க வேலை செய்யற லைன நிறுத்தல. பழைய ஷீட்டு ஒடைஞ்சு பக்கத்து ஷெட்டுல விழுந்துட்டாரு. ஏதோ பெட்டி சரிஞ்சிருச்சுன்னு நெனச்சு வேலையப் பாத்துக்கினு இருந்தேன். டீ பிரேக்குலதான் விழுந்தது என் புருஷன்னு சொன்னாங்க."

"உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சாம். என்னைத்தான் கேட்டாராம். நான் ஓடுறதுக்குள்ள போயிடுச்சு."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற எடத்துக்கு மாத்தச் சொல்லிக் கேளேன்டி."

"கேட்டேன்கா. அவரு விழுந்த ஷெட்டுக்கே போட்டுட்டாங்க. நான்தான் அங்க வேணும்னேன். அன்னிக்குப் பக்கத்துல இல்ல, இனிமேலாச்சும் இருக்கேன்."