காற்று ஆகாத பந்து

பூப்பந்துக்குக் காற்று ஆகாது. ஜன்னல் திறந்திருந்தால் இறகுப் பந்து அதன் இஷ்டத்துக்குப் போகும். கிளப் செயலாளர் நீங்கள், தங்கச்சி காமினி, உங்களுக்கு இது தெரியும். விசாரணை என்று கூப்பிட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

சூலியா தெருவில் குடைக்கடை வைத்திருக்கும் இந்தச் சீனி முகம்மதுவாகிய நான், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் கோப்பைப் போட்டியில் நாலு வருடமாகச் சுகுமாரனிடம் தோற்றவன். வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அந்தக் கோப்பைக்கு ஓர் இடம் விட்டிருந்தேன். போன மாதம் என் மனைவி ருக்கையா அங்கே ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டாள். "சும்மாதானே கெடக்கு" என்றாள். எனக்கு ரொம்ப வலித்தது.

செவ்வாய்க்கிழமை தொண்டை கரகரத்தது. புதன் காலை கோவிட் டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு. ஞாயிற்றுக்கிழமை போட்டி. வீட்டில் படுத்திருக்கலாம்தான், ஆனால் பயிற்சியை விட மனம் வரவில்லை.

புதன் மாலை மண்டபத்தில் போட்டிக்குப் பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரும் இருந்தோம், என்னையும் சேர்த்து. காவலர் ஸுல்கிஃப்லியிடம் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன், விசிறிகளையும் நிறுத்தச் சொன்னேன். பூப்பந்து ஆடுகிறவன் எவனும் இதற்குக் காரணம் கேட்க மாட்டான். சுகுமாரனே, "சரிதான்லா அண்ணே, காத்து பந்தை இழுக்குது" என்றார். இரண்டு மணி நேரம் எல்லாரும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார்கள். நான் ஒவ்வொரு புள்ளிக்கும் உரக்கக் கத்தினேன், எதிராளி எடுத்த புள்ளிக்கும்தான். இடைவேளையில் சுகுமாரனை ஒட்டி உட்கார்ந்து அவருடைய பேரப்பிள்ளைகளைப் பெயர் பெயராக நலம் விசாரித்தேன். அவருக்கு ஒன்பது பேர்.

முதலில் விழுந்தவர் அய்யாக்கண்ணு. வெள்ளிக்கிழமை பாலிக் புலாவில், தெருக்கோடி வரை மணக்கும் டுரியான் பழத்தை வாங்கி, வாசமே இல்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாராம். சனிக்கிழமைக்குள் பதினொரு பேரும் படுத்துவிட்டார்கள். ஞாயிறு காலை மட்டையோடு நின்றவன் நான் ஒருவன்தான். நீங்கள் முகக்கவசத்தோடு கோப்பையை நீட்டினீர்கள். ஊறுகாய் ஜாடி சமையலறைக்குத் திரும்பியது. ருக்கையா இருமிக்கொண்டே எடுத்து வைத்தாள்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் சுகுமாரன் இதை ஏமாற்று வேலை என்கிறாரே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கு வந்த அதே காய்ச்சல்தான் எனக்கும் வந்தது. அவர் போட்டிக்கு முந்தின நாள் போய் ஆரம்பித்தார். நான் முன்கூட்டியே முடித்துவிட்டேன். கடைசி நேரத்தில் தயாராகிறவர்கள் எந்த விளையாட்டிலும் ஜெயிப்பதில்லை, தங்கச்சி.