ரெபேக்கா மிஸ் திரும்பிப் பார்த்த வளைவு

என் பெயர் சந்தியாகப்பன், வயது 54, தகப்பனார் பெயர் ஆரோக்கியம். ஆலங்காயத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் மாதா கோயில் தெருவில் குடியிருந்து வாழைக்காய் வியாபாரம் செய்து வருகிறேன். நான் சொல்லப்போவதை இந்தக் காவல் நிலையத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்பதை முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டு ஏட்டையா பேனாவை மூடிவிட்டார். ஆய்வாளர் அம்மா, "எழுதுங்க, நம்புறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதன் பேரில் மறுபடி எழுதப்படுகிறது.

என் தங்கை பிலோமினாளின் மகள் ஷோபனா, வயது 8, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஆலங்காயம் சந்தையில் தொண்டையைக் கனைத்தால் திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசில் காகிதங்கள் பறக்கும். எங்கள் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பேச்சையெல்லாம் ஆண்டவர் என் வாயிலேயே கொட்டிவிட்டதால், ஷோபனாவின் முறை வந்தபோது கையில் மிச்சமில்லை. அவளுக்குத் திக்குவாய். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினோம், வேளாங்கண்ணிக்கு நடந்தோம், குணமில்லை. அவள் ஒரு சொல்லைத் தொடங்கி வாய் திறந்தபடி நின்றால், பாவம் பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று தெருவில் போகிறவர்கூட நின்று மீதியைச் சொல்லிக் கொடுப்பார். அவள் தலையாட்டிவிடுவாள்.

அதன் பிறகு, போன வருடம் பள்ளிக்கூடங்களில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரெபேக்கா மிஸ் செவ்வாய்தோறும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வரத் தொடங்கினார். மிஸ்ஸின் ஸ்கூட்டர் மலையேறும் சத்தம் கேட்டால் காட்டெருமைகள் வரிசையாக ஒதுங்கி நின்று வழிவிடும். வந்தவர் பிள்ளையின் நாக்கைத் தொடவேயில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். ஷோபனா ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் "இட்லியா கண்ணு?" என்றேன். தலையாட்டினாள். இட்லி வைத்தோம். மிஸ் அவளருகே போய் இன்னா கேட்டே என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து வெறும் சோறும் மோரும் என்று வந்தது.

"அண்ணே, இந்தப் புள்ள கேக்காத சாப்பாட்டத்தான் இத்தினி வருஷமா சாப்ட்டுனு இருக்குது" என்றார் மிஸ். "நீங்க முந்திக்கினு சொல்றது எதுவா இருந்தாலும் அது தலையாட்டும். பேசறதவிட தலையாட்டறது சுலபம்."

அதன் பிறகு அவள் பேசும்போது யாரும் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். எனக்கு மட்டும் தனிச் சட்டம். அவள் பேசி முடிக்கும்வரை நான் வாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். "மாமாவுக்குத்தான் மொதல்ல ட்ரெய்னிங்" என்று மிஸ் சொல்ல, ஷோபனா சிரித்துவிட்டாள். அந்த வருடம் நான் வாயில் வைத்திருந்த தண்ணீரைச் சேர்த்தால் ஏரி ஒன்று நிரம்பி வழிந்து கோடி போயிருக்கும்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குச் சற்று முன்னால் சாலைபோடக் கொட்டிய ஜல்லி சிதறிக் கிடக்கும் வளைவில் மிஸ் வண்டியோடு விழுந்து இறந்துபோனார். புளிமூட்டை ஏற்றிக்கொண்டு வந்த லாரி டிரைவர் வெற்றிச்செல்வன் அவரைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். லாரியில் ரத்தம் இருந்தது. வளைவில் ஷோபனா நின்றிருந்தாள். உதவி ஆய்வாளர் ஐயா பள்ளிக்கு வந்து "லாரி மோதிச்சா பாப்பா?" என்று கேட்டார். அவள் வாய் திறந்து நின்றாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் "ஆமான்னு சொல்லும்மா" என்றார்கள். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலின் பேரில் வெற்றிச்செல்வனைக் கைது செய்தார்கள்.

அதன் பிறகு வெற்றிச்செல்வனின் மனைவி கோகிலவாணி கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "அண்ணா, அவுரு இடிச்சிருந்தா ஓடிப் பூட்டிருப்பாரு. தூக்கினு வந்ததுக்கா ஜெயிலு?" என்றார். தண்ணி குடிம்மா என்றதற்கு வேண்டாம் என்று போய்விட்டார்.

நான் உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வாய் நிறைய வைத்துக்கொண்டு ஷோபனாவின் முன் உட்கார்ந்தேன். அவள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். அழுது முடித்தபின் பேசத் தொடங்கினாள். வாணியம்பாடி பஸ் போய், திரும்பியும் வந்துவிட்டது. வாயில் தண்ணீர் வெந்நீராகிவிட்டது. நான் விழுங்கவில்லை. லாரி வருவதற்கு முன்பே மிஸ் விழுந்து கிடந்தார், லாரி அப்புறம் வந்து நின்றது என்று அவள் முழுதாகச் சொல்லி முடித்தாள்.

மிஸ் எதனால் விழுந்தார் என்று ஆய்வாளர் அம்மா கேட்டதற்கு, வளைவுக்கு மேலே பாறையில் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு ஒரு கரடி எழுந்து நின்றதாகவும், மிஸ் அதைத் திரும்பிப் பார்த்ததில் சக்கரம் ஜல்லியில் சறுக்கியதாகவும் சொன்னேன். "கரடிய பாப்பா பாத்துச்சா?" என்று கேட்டார்.  அதோடு வேறொன்றும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு சொன்னேன்.

கரடி இல்லை. வளைவில் மிஸ்ஸின் வண்டியைக் கண்டதும் ஷோபனா கூப்பிட்டிருக்கிறாள். மிஸ் அவளைப் பார்க்க முகத்தைத் திருப்பியிருக்கிறார், சிரித்திருக்கிறார், பிறகு விழுந்திருக்கிறார். இதைச் சொல்லி முடித்துவிட்டு அவள் "மாமா, நான் கூப்ட்டதாலயா?" என்று கேட்டாள். அப்போதுதான் தண்ணீரை விழுங்கினேன். "இல்ல கண்ணு, மேல பாறையில கரடி. மாமாவுக்குத் தெரியும்" என்றேன். அன்றிலிருந்து அவள் கூப்பிடுவதில்லை, யாரையும்.

வெற்றிச்செல்வனை விடுவிக்க ஷோபனாவிடம் மறுபடி கேட்க வேண்டியிருந்தால், லாரி முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதை மட்டும் கேட்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திருந்து எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். மிஸ் ஏன் திரும்பினார் என்று கேட்க வேண்டாம். கேட்டே தீர வேண்டுமென்றால் கரடியா என்று கேளுங்கள், அவள் தலையாட்டுவாள்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை ஏட்டையா வாசிக்கக் கேட்டேன். பறந்த காகிதங்களையும் காட்டெருமைகளையும் ஏரியையும் அடித்துவிடச் சம்மதிக்கிறேன். ஷோபனா அந்த வளைவில் கூப்பிட்ட "ரெபேக்கா மிஸ்" என்பது மட்டும் எங்கேயும் நிற்காமல், திக்காமல், ஒரே மூச்சில் வந்தது. அது நிஜம்.

(ஒப்பம்) ஆ. சந்தியாகப்பன்