பெரணி அசையாத எட்டு நொடி

பெரணிச் செடியைப் படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் அறையின் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. சூடான காற்று மேலே எழும்போது இலைகள் லேசாக நடுங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். பின்னால் ஒரு கறுப்புத் துணி, பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை. ஜன்னல் வெளிச்சம் அட்டையில் பட்டுத் திரும்பி இலையின் நிழல் பக்கத்தைத் தொடும். விளக்கு எதுவும் நான் வைப்பதில்லை. வடக்கே, எங்கள் ஊர் பெர்கனில் நவம்பர் மாதம் அந்த வெளிச்சம் நடுப்பகலில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதுவும் மங்கல்தான், ஷட்டர் எட்டு நொடி திறந்திருக்க வேண்டும். எங்களுடையது பழைய மரவீடு. யாராவது நடந்தால் பலகை அதிரும், மேஜை அதிரும், செடியும் அதிரும். அந்த எட்டு நொடியும் நான் மூச்சுகூட விடமாட்டேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஏன் உடனே போகவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள்.

என் கணவன் ஓட்வார் படகு இன்ஜின் பழுதுபார்த்தவன். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பற்றி ஒரே பேச்சுதான்.

"குன்வோர் உள்ளே உக்காந்து செடிக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துட்டிருக்கா. எந்த ஊருக்குக் கிளம்புதுங்களோ!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவன் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தான். கேமராவைத் தொடாமல் அழுத்துகிற ஷட்டர் வயரை நான் கையில் எடுத்ததும் சமையலறையில் நின்றபடி இரண்டு குதிகாலையும் தூக்கித் தொப்பென்று வைப்பான்.

"என்ன, நடுங்குதா? குளிருதுபோல. ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடேன்."

"ஓட்வார், விளையாடாத."

"நான் என்ன பண்ணேன்? கால் மாத்தி நின்னேன். சொந்த வீட்ல நிக்கவும் கூடாதா?"

அவன் கெட்டவன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் இப்படிச் செய்தான், அவ்வளவுதான்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் குழறிப்போயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மரித் அவன் கட்டிலை முன்னறையில் போட்டாள்.

"அவருக்கு வெளிச்சம் வேணும், குன்வோர். நாள் பூரா சுவரையே பார்த்துட்டுக் கிடந்தா மனசு விட்டுடும்."

முன்னறை ஜன்னல்தான் நான் படம் எடுக்கிற வடக்கு ஜன்னல். இருக்கிற ஒரே நல்ல ஜன்னல். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டுபோனேன். அவனே கேட்டான் என்று மரித்திடம் சொன்னேன். அவன் ஏதோ சொல்லப் பார்த்தான், அவளுக்குப் புரியவில்லை.

அவன் மணிக்கட்டில் ஆபத்துக்கு அழுத்துகிற பொத்தான் ஒன்று கட்டியிருந்தார்கள். புரண்டு படுத்தாலே அது அழுந்தும். உடனே ஆட்கள் ஈர பூட்ஸோடு வந்து வீடு முழுக்க நடப்பார்கள். இரண்டு தடவை வெளிச்சம் வீணாயிற்று. அதற்கப்புறம் மரித் வரும் நேரத்தில் மட்டும் அதைக் கட்டிவிட்டேன். மற்ற நேரம் சமையலறை அலமாரியில் இருக்கும். பதிலுக்கு அவன் கைத்தடியைக் கட்டிலருகே வைத்தேன். "ஏதாவது வேணும்னா தரையில தட்டு" என்றேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மரித்துக்கு நான்தான் போன் செய்தேன்.

"இன்னிக்கு நீ வரவேண்டாம். மதியச் சாப்பாடு நானே குடுத்துடறேன்."

"கஞ்சி மட்டும், சரியா? கெட்டியா எதுவும் வேண்டாம். சாப்பிட்டு முடியற வரைக்கும் பக்கத்துலயே உட்காருங்க."

"தெரியும், மரித்."

கஞ்சியை ஸ்பூனால் ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரமாகும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மேகம் மெலிந்து பால் மாதிரி வெளுத்திருந்தது. ஓட்வார் ரொட்டியைக் காட்டிக் காட்டிக் கேட்டான். ஒரு வருஷமாகக் கேட்கிறான். ஒரு மனுஷனுக்கு ரொட்டி இல்லை என்று எத்தனை நாள் சொல்வது? இரண்டு துண்டில் வெண்ணெய் தடவி, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து, அவன் இடது கைப்பக்கம் தட்டை வைத்தேன். "மெதுவா சாப்பிடு" என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நான் வயரைக் கையில் எடுத்த நேரத்தில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. பெரணி நடுங்கியது. பழைய விளையாட்டு என்று நினைத்தேன், அடங்கட்டும் என்று நின்றேன். நேற்று வாக்குமூலத்தில் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

விளையாடும்போது அவன் ஒரே தடவைதான் தட்டுவான். நான் கத்துவதற்காகக் காத்திருப்பான். இது இடைவெளியே இல்லாமல் வந்தது. ரொட்டித் தட்டு விழுந்து உடைந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியும். முன்பக்கம் சாய்த்து முதுகில் எப்படி அடிக்க வேண்டும் என்று மரித் ஒரு தலையணையை வைத்து எனக்குக் காட்டியிருக்கிறாள். பதினோரு அடி நடந்தால் அவன் கட்டில். நான் நடக்கவில்லை. இலைகளைப் பார்த்தபடி நின்றேன். ஒவ்வொரு தட்டலுக்கும் அவை நடுங்கின. பிறகு தட்டல் குறைந்தது. பிறகு நின்றது.

நின்ற பிறகும் இலைகள் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் அழுத்தினேன். வெளிச்சம் இருக்கும் வரை எடுத்தேன், மொத்தம் பதினான்கு படம். மேகம் கறுத்ததும் ஹீட்டரைப் போட்டேன், துணியை மடித்து வைத்தேன், அவனைப் பார்க்கப் போனேன்.

அதில் ஒரு படத்தைத்தான் நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள், ஓர் இலைகூடக் கலங்கவில்லை. நாற்பத்தோரு வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் ஓட்வார் எனக்கு ஒத்துழைத்தான். அதற்கு அவனுக்கு ஒரு நன்றி சொல்ல முடியாமல் போனதில்தான் எனக்கு வருத்தம்.