மூணுல எது தேறும்

டெல்லா: ...இல்ல ஐயா, நீங்களே ஆட்டிப் பாருங்க. கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வருது. இதைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போனா மான் சிரிச்சே செத்துப்போகும்.

ஹார்லன்: தோட்டாச் செலவு மிச்சம்தானே.

டெல்லா: இப்படிப் பேசித்தான் துப்பாக்கி விக்கிறீங்களா?

ஹார்லன்: முப்பது வருஷமா விக்கிறேன். இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல.

டெல்லா: ஊர்ல எத்தனை பேரு?

ஹார்லன்: நாயையும் சேர்த்தா?

டெல்லா: சேர்த்துக்குங்க. இந்தச் சத்தத்துக்கு அதுகதான் முதல்ல ஓடும்.

ஹார்லன்: வந்ததும் என்ன கேட்ட? "லீவர் துப்பாக்கியில இருக்கிறதுலயே விலை கம்மியானதைக் காட்டுங்க"ன்னு கேட்ட. மூணு எடுத்து வச்சிருக்கேன். விலைக்குத் தகுந்த சரக்குதான் இருக்கும் பொண்ணே.

டெல்லா: விலை கம்மியா இருக்கலாம். விசைக்குக் கீழ இருக்கிற இந்த லீவரைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ இப்படித் தொளதொளன்னு ஆடலாமா? பாருங்க, கீழ இழுத்தா பக்கவாட்டுலயும் போகுது. இது தள்ளுபடி. அடுத்தது.

ஹார்லன்: முதல்ல திறந்து...

டெல்லா: திறந்து பாத்துட்டேன். காலிதான். விரலையும் விட்டுப் பாத்துட்டேன்.

ஹார்லன்: ம்... யார் சொல்லிக் குடுத்தது?

டெல்லா: எங்கம்மா. வயோமிங்ல எங்க வீட்டுல சமையக்கட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி கையைக் கழுவணும், துப்பாக்கியைத் தொட்டதும் திறந்து பாக்கணும். ரெண்டுல எதை மறந்தாலும் ராச்சோறு கிடையாது.

ஹார்லன்: நல்ல அம்மா. சரி, ரெண்டாவது எப்படி?

டெல்லா: கட்டையும் இரும்பும் சேர்ற இடம் பரவாயில்ல. நகம் நுழையல. லீவர்... கொஞ்சம் நறநறங்குது. எண்ணெய் போட்டு நூறு தடவை இழுத்தா வழிக்கு வந்துரும். குழல் மேல கறுப்புப் பூச்சு ஒரே சீரா இருக்கு. இந்த விலைக்கு இது...

ஹார்லன்: இது?

டெல்லா: இருங்க, ஜன்னல் வெளிச்சத்துல பாக்கறேன்.

ஹார்லன்: என்னம்மா அது?

டெல்லா: ஒண்ணுமில்ல. முன்குறியைப் பாத்தேன். குழல் நுனியில நடுவுல நிக்க வேண்டியது இடது பக்கம் நகர்ந்து நிக்குது.

ஹார்லன்: எங்க? எனக்குத் தெரியலியே. கண்ணாடி போட்டிருக்கேனே.

டெல்லா: கண்ணாடியை நெத்தியில போட்டிருக்கீங்க.

ஹார்லன்: ஓ... ஆமா. லேசாத்தான் நகர்ந்திருக்கு.

டெல்லா: இங்க லேசா நகர்ந்தா அங்க மான் தப்பிச்சுரும்.

ஹார்லன்: உனக்கு என்ன வயசு?

டெல்லா: துப்பாக்கிக்கா, எனக்கா?

ஹார்லன்: ஒரு நிமிஷம், போன் அடிக்குது... ஹலோ. ஆமா ரோனா. ம்... ம்... வந்தாச்சு. இல்ல. அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கு. ம்... வாய் கொஞ்சம் நீளம். வச்சுர்றேன்.

டெல்லா: யாரு?

ஹார்லன்: வீட்டுக்காரி.

டெல்லா: எதுக்கு வாய் நீளம்?

ஹார்லன்: கடைக்குப் புது... பூனை வந்திருக்கு. அதைப் பத்திக் கேட்டா.

டெல்லா: பூனைக்கு வாய் நீளமா?

ஹார்லன்: மூணாவதைப் பாரும்மா நீ.

டெல்லா: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கட்டைக்கு வால்நட் மரம் மாதிரி சாயம் பூசியிருக்கான். உள்ள மலிவான பூர்ச்ச மரம். அது ஏமாத்து. ஆனா லீவர் பாருங்க, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி... ஆ.

ஹார்லன்: என்னாச்சு?

டெல்லா: தோட்டா போடுற வாசல் கடிச்சிருச்சு. ஓரத்தைத் தேய்க்காமலே அனுப்பிட்டான். கட்டை விரலைப் பாருங்க.

ஹார்லன்: ரத்தம் வருதா? இந்தா, துணி. அழுத்திப் பிடி.

டெல்லா: துணியில துப்பாக்கி எண்ணெய் நாத்தம்.

ஹார்லன்: இந்தக் கடையில எல்லாத்துலயும் அந்த நாத்தம்தான். என் மேலயும்தான்.

டெல்லா: உப்புத்தாள் வச்சுக் கால் மணி நேரம் தேய்ச்சா இந்தக் கூர் போயிரும். மூணுல இதுதான் தேறும். பின்னாடி மண்மேட்டுல சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்றேன்.

ஹார்லன்: பின்னாடி மண்மேடு இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?

டெல்லா: ...எல்லா துப்பாக்கிக் கடைக்கும் பின்னாடி மண்மேடு இருக்கும்ல.

ஹார்லன்: அப்படியா? பக்கத்து ஊர்க் கடைக்குப் பின்னாடி பல் டாக்டர் இருக்காரு.

டெல்லா: அங்கயும் சத்தம் வரும்ல. வாங்க, போகலாம்.

ஹார்லன்: காதுல இதை மாட்டிக்க. அந்தக் கட்டை மேல பீன்ஸ் டப்பா மூணு வச்சிருக்கேன். ஒரு பந்தயம். தேறினதை வச்சு யாரு வேணாலும் சுடலாம். அந்தக் கோணல் துப்பாக்கியில சுடு.

டெல்லா: முன்குறி நகர்ந்ததையா?

ஹார்லன்: பயமா இருந்தா வேண்டாம்.

டெல்லா: முன்குறி இடது பக்கம் போயிருந்தா குண்டு வலது பக்கம் போகும். அப்ப நான் டப்பாவுக்கு இடது பக்கமா... ஒரு சாண் தள்ளி வைக்கணும். விலகி நில்லுங்க.

ஹார்லன்: விலகியாச்சு. சுடு.

டெல்லா: போச்சு. மண்ணுலதான் பட்டுச்சு.

ஹார்லன்: மண்ணு பாவம்.

டெல்லா: சிரிக்காதீங்க, குறி தப்புது. ஒரு சாண் ஜாஸ்தி. நாலு விரல் போதும்.

ஹார்லன்: சரி, சுடு.

டெல்லா: பட்டுச்சா?

ஹார்லன்: பட்டுச்சாவா... டப்பா தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் கிடக்கு. அடிப் பாவி.

டெல்லா: இன்னொண்ணு... ம். அதுவும் பறந்துருச்சு. மூணாவது டப்பா உங்களுக்கு.

ஹார்லன்: நான் சுட மாட்டேன். எனக்கு இந்தக் கடையில மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. சரி, சொல்லு. யாருக்கு இந்தத் துப்பாக்கி?

டெல்லா: எனக்குத்தான். இருந்ததை வித்துட்டேன்.

ஹார்லன்: ஏன்?

டெல்லா: கல்யாணம் வருது. வேட்டைக்காலம் தொடங்குறதுக்கு முந்தின சனிக்கிழமை.

ஹார்லன்: புத்திசாலித்தனமாத் தேதி வச்சிருக்கீங்க. ஒரு வாரம் தள்ளி வச்சிருந்தா பாதிரியாரே வந்திருக்க மாட்டாரு. மாப்பிள்ளை வேட்டைக்காரனா?

டெல்லா: ரொட்டி சுடுறவரு. சொந்தக் கடை. புது அடுப்பு வாங்கணும்னாரு. அதுக்குத்தான் துப்பாக்கியை வித்தேன்.

ஹார்லன்: ரை தானிய ரொட்டிக்குத் தனி அடுப்பு வேணும்தான்...

டெல்லா: ரைன்னு நான் சொல்லலியே.

ஹார்லன்: சொன்னியே.

டெல்லா: ரொட்டின்னு மட்டும்தான் சொன்னேன்.

ஹார்லன்: ...ரொட்டின்னா இப்பல்லாம் ரைதானே. ஊரே அதைத்தான் திங்குதாம். மேல மொறுமொறுன்னு, உள்ள லேசாப் புளிச்சு... கேள்விப்பட்டிருக்கேன்.

டெல்லா: நல்லாத்தான் கேள்விப்பட்டிருக்கீங்க.

ஹார்லன்: மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் வர்றாங்களா?

டெல்லா: அம்மா வர்றாங்க. அப்பா வர மாட்டாராம்.

ஹார்லன்: என்னவாம் அந்தாளுக்கு?

டெல்லா: அவருக்கு ஒரு கடை இருக்கு. மகன் அதைப் பாத்துக்குவான்னு நினைச்சிருந்தாரு. மகன் மாவு பிசையப் போறேன்னான். "ஆம்பளை செய்யற வேலையா அது"ன்னு கேட்டாராம். இவரும் சும்மா இருக்கல. "நீங்க விக்கிற மலிவுச் சாமானைவிட என் ரொட்டி உறுதியா இருக்கும்"னு சொல்லிட்டு வந்துட்டாரு. ரெண்டு வருஷமாப் பேச்சே இல்ல.

ஹார்லன்: பையனுக்கும் வாய் நீளம்தான்.

டெல்லா: அப்பாவுக்குக் கம்மியா?

ஹார்லன்: நான் அந்தாளுக்குப் பரிஞ்சு பேசல. ஆனா... அந்தக் கிழவன் போனை எடுத்து, நம்பரை அழுத்தி, அடிக்கிறதுக்கு முன்னாடியே வச்சிருப்பான். ஒரு தடவை இல்ல, பல தடவை. முதல்ல என்ன வார்த்தை பேசறதுன்னு தெரிஞ்சிருக்காது. பொதுவாச் சொல்றேன். கிழவனுங்க அப்படித்தான்.

டெல்லா: பொதுவாவா?

ஹார்லன்: ரொம்பப் பொதுவா.

டெல்லா: மகனும் அப்படித்தான் ஐயா. அப்பன் வந்தா உக்கார முன் வரிசையில ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்காரு. "வரலைன்னா?"ன்னு கேட்டேன். "காலியாக் கிடக்கட்டும்"னாரு. அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிடல. அதைப் பாத்துட்டுத்தான் நான்...

ஹார்லன்: நீ?

டெல்லா: உள்ள போகலாமா? குளிருது.

ஹார்லன்: உள்ள வந்தாச்சு. காபி ஆறிப்போச்சு, பரவாயில்லையா?

டெல்லா: பரவாயில்ல. ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது.

ஹார்லன்: துப்பாக்கி வாங்கப் போறதில்லையா?

டெல்லா: வாங்குவேன். ஆனா அதுக்காக வரல. இந்த மலிவுத் துப்பாக்கிக்காக யாராவது மூணு மணி நேரம் மலையேறி வண்டி ஓட்டிக்கிட்டு வருவாங்களா? எங்க ஊர்லயே கிடைக்குது. நான் வந்தது... நீங்க எப்படிப்பட்ட மனுஷன்னு என் கண்ணால பாக்கணும்னு. அந்த மாப்பிள்ளை பேரு வெஸ்லி. உங்க மகன். என் பேரு...

ஹார்லன்: டெல்லா.

டெல்லா: ஐயோ, காபி!

ஹார்லன்: கொட்டிராத, கைத்துணியை உனக்கே குடுத்துட்டேன். ரோனா நேத்தே சொல்லிட்டா, நீ வர்றேன்னு. அந்தப் பூனை நீதான்.

டெல்லா: நான் சந்தேகப்பட்டது சரிதான். எல்லாம் தெரிஞ்சேதான் இவ்வளவு நேரமும்...

ஹார்லன்: நீ மட்டும்தான் சோதிச்சுப் பாக்கலாமா? எம் மகனைக் கட்டிக்கப் போறவளுக்குக் கண்ணு எப்படி, பொறுமை எப்படின்னு நானும் பாக்கணும்ல. காலையில சீக்கிரமே வந்து கடையைத் திறந்தேன். அந்த முதல் துப்பாக்கியில ஸ்க்ரூவைத் தளர்த்தினது நான்தான். ரெண்டாவதுல முன்குறியைத் தட்டி நகர்த்தினதும் நான்தான். பாவம், செஞ்சவன் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான். மூணாவதை மட்டும் தொடல. அது விரலைக் கடிச்சதுக்கு மன்னிச்சுக்க. கல்யாணத்துக்கு... வரலாமான்னு கேக்கத்தான் வார்த்தை வரல எனக்கு. வரலாமாம்மா?

டெல்லா: வரணும் மாமா. நீங்கதான் தட்டினீங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. முன்குறி ஓரத்துல, தட்டின பித்தளை உளி தேய்ஞ்ச மஞ்சள் இன்னும் புதுசாப் பளபளன்னு இருந்துச்சு. வேணவே வேணாம்னு நினைக்கிற மருமகளுக்காக விடியக்காலையில எழுந்து வந்து யாரும் துப்பாக்கியைக் கெடுத்து வைக்க மாட்டாங்க. அந்த நிமிஷமே என் பயம் போயிருச்சு. ஆனா நான் மறைச்சதுல இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு... எதிர்ல தீவனக் கடை வாசல்ல ஒரு பச்சை வண்டி நிக்குதுல்ல, அதுல தொப்பியை முகத்துல இழுத்துவிட்டுக்கிட்டு, ரொட்டிப் பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டுக் காலையிலேர்ந்து குளிர்ல உக்காந்திருக்கிறது வெஸ்லிதான்... கூப்பிடட்டுமா?