பின்வாசல் வழியே வந்த ஆபீசர்

“எங்க ஆளுவ கும்புட்டதாலதான் சார் அந்தத் துணி கெட்டுச்சு.”

என் கல்லூரி நாட்களில், சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் இந்தப் பேச்சு என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பேசியவர் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் துணி நெய்து கொடுக்கும் விசைத்தறி முதலாளி. பக்கத்தில் இருந்தவர் அந்தத் துணியைச் சோதித்து வாங்கும் ராணுவ அதிகாரி. அவருக்கு மாற்றல்; ஊரை விட்டுப் போக, நான் ஏறவேண்டிய ரயிலுக்குத்தான் அவரும் காத்திருந்தார்.

“ஆமா, முதல் தடவை யூனிபாரத்துல என்னைப் பார்த்ததும் எல்லாரும் தறியை நிறுத்திட்டுக் கும்பிட்டாங்க. நிறுத்தின இடமெல்லாம் துணியில கோடு விழுந்துது. நானே கழிச்சுட்டேன்.”

“மரியாதைக்கு நல்ல கூலி! பொறவு நீங்க கைலி கட்டிக்கிட்டுப் பின்வாசல் வழியா வந்தீய. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. அதுக்கப்புறம் எத்தன வருசம், ஒரு பீஸ் கழியல.”

இருவரும் சிரித்தார்கள். முதலாளிதான் முதலில் நிறுத்தினார்.

“நாளைக்கு வார புது ஆபீசர் யூனிபாரத்துல வந்தா என்ன செய்ய? மறுபடி கழிச்சா ஆர்டரே போயிரும் சார்.”

“அவர்கிட்ட சொன்னேன் அண்ணாச்சி. சிரிக்கிறார், நம்பல.”

“அப்ப நாளைக்கு ஒரு நாள் இருந்து, நீங்களே அவரக் கூட்டிட்டு வாங்க.”

அதிகாரி பதில் சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. நான் ஏறி ஜன்னல் வழியே பார்த்தேன். அதிகாரியின் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முதலாளி வெளிவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். “மெதுவா, அண்ணாச்சி” என்றபடி அதிகாரி பின்னால் போனார்.