அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்கிறேன்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ரோஸ்லின் அக்கா அவர்களே, டூட்டி சட்டையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் வேல்முருகன் தம்பி அவர்களே, கூப்பிட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கும் சின்னராசு அவர்களே, சபையாரே!

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறு பேர் வந்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் இன்று எதைக் கேட்க வந்தீர்கள்? நம்முடைய போஸ்ட்மாஸ்டர் இமானுவேல் ஐயா எப்படி இறந்தார் என்று கேட்கத்தானே? சொல்கிறேன்.

ஐயா ஒரு காலத்தில் குடித்தவர். அதை நான் மறைக்கவில்லை, அவரும் மறைத்ததில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்பு விட்டார். விட்டபின் ஜெயித்துவிட்டேன் என்று மார்தட்டினாரா? இல்லை! வெள்ளிக்கிழமைதோறும் எழுந்து நின்று, "எனக்கு இன்னும் ஆசை இருக்குதுங்க. பேளுக்குறிச்சி சந்தைக்குப் போனா பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புலயே கடை. தனியா நின்னா என் காலை நானே நம்ப மாட்டேன். யாராச்சும் கூட வாங்க" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நாமெல்லாம் இந்தச் சபையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அந்தச் சாப்பாட்டுக்குக் காய்கறி வாங்கத்தான் போனார். வாராவாரம் போனார்!

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் வைத்த வழக்கம் ஒன்றே ஒன்று. அவரவர் சோதனையை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அடுத்தவர் சோதனையை யாரும் பேசக்கூடாது. மூன்று மாதத்துக்கு முன் சின்னராசு நெற்றியில் விபூதியோடு வந்து, "எனக்கும் இவரு வியாதிதானுங்க. உங்க சாமி என்னைச் சேத்துக்குமா?" என்று கேட்டார். ஐயா சிரித்து, "சாமி சேத்துக்கும். இந்தப் பொம்பளைங்கதான் கொஞ்சம் யோசிப்பாங்க" என்று பக்கத்தில் உட்காரவைத்தார். அன்று முதல் சந்தைக்குச் சின்னராசுக்கு ஐயா துணை. ஐயாவுக்கு எங்களில் ஒருவர் துணை. அவரவர் சொன்ன சோதனையை ஒரு நோட்டிலும், துணைக்கு யாருக்கு எந்த வாரம் என்ற முறையை இன்னொரு நோட்டிலும் நான் எழுதி வைத்தேன்.

துக்க வீட்டில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் சொன்னார்: "ரோட்டோரம் விழுந்து கெடந்தாராமே! பழகின கை சும்மா இருக்குமா?" நான் பின்னாலேயே நின்றேன். சொன்னவர் இன்று வந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். ஐயாவின் வழக்கம் அவரைக் காப்பாற்றுகிறது!

வேல்முருகன் தம்பி என் வீடு தேடி வந்து சொன்னதைக் கேளுங்கள்: "ஏனுங்க்கா, அவரு ஒரு சொட்டுத் தொடலீங்க. ரெண்டு பையோட நின்னாரு. பஸ் எடுக்க அரைமணி இருக்குது, உக்காருங்க சாருன்னேன். 'இந்தக் கடைக்கு முன்னால உக்கார மாட்டேன் கண்ணு, அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கிறேன்'னு நடந்துட்டாருங்க. நாங்க போறப்ப பாலத்துக் கட்டையில சாஞ்சு கெடக்கறாரு. நெஞ்சைப் புடிச்ச கை புடிச்சபடி."

கேட்டீர்களா? அறுபத்தெட்டு வயது. உச்சி வெயில். இரண்டு பை நிறைய நம் சாப்பாடு. ஒரு கடையை விட்டு விலகி நடந்து செத்தவரை, அந்தக் கடையிலேயே கொண்டுபோய்ப் படுக்கவைத்தீர்களே, வெட்கமாக இல்லையா?

அன்று சின்னராசு காய்ச்சலில் படுத்திருந்தார். துணைக்குப் போக வேண்டிய முறை யாருடையது? முறை நோட்டு இதோ. வனிதா என்று போட்டிருக்கிறது. நான்தான்.

ஏன் போகவில்லை? முந்தின நாள் ஜெபக்கூட்டத்தில் ஐயா என்னைப் பார்த்து, "எல்லாரும் சொல்றோம், நீ எழுதற. உன் பேருக்கு நேரா மட்டும் ஏன் கண்ணு ஒண்ணுமே இல்லை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. குடித்துக் கிடந்த மனுசன் என்னைக் கேட்பதா என்று நினைத்தேன். மறுநாள் காலையில் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். தலை வலிக்கவில்லை. "ஜெபத்தில் தாங்குகிறேன்" என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன்! பஸ் ஏறாமலே எத்தனை பேரை இப்படித் தாங்கியிருக்கிறோம் நாம்?

என் சோதனை இதுதான் சபையாரே. அடுத்தவர் குறையை வரிவரியாக வைத்திருந்து, என்னைச் சுத்தமானவள் என்று நினைப்பது. இதற்குக் கடை கிடையாது, வாடை கிடையாது. அதனால் ஒருவரும் என்னைப் பிடிக்கவில்லை. ஐயா பிடித்தார். அவர் மேல்தான் கோபப்பட்டேன். காபி டம்ளரோடு பேசியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ரோஸ்லின் அக்கா, உங்கள் வீட்டுக்காரரைத் தனியே போகவிட்ட என் முகத்தை நீங்கள் பார்க்காவிட்டாலும் அது நியாயம்தான். நேற்று சோதனை நோட்டில் என் பேருக்கு நேராக இதை எழுதிவிட்டேன்.

ஐயா போய்விட்டார். கடை அங்கேயேதான் இருக்கிறது. வருகிற சந்தைக்குச் சின்னராசு மிளகு மூட்டையை விற்கப் போகிறார். நான் கூடப் போகிறேன். காய்கறியும் நானே வாங்கி வருகிறேன். ஆனால் அடுத்த வாரம்? அதற்கடுத்த வாரம்? நாற்பத்தாறு பேர் இருக்கிறோம்.

முறை நோட்டை வாசலில், சின்னராசு நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். ஜெபிக்கிறேன் என்று எழுதாதீர்கள். பஸ்ஸில் வருவீர்களா, மாட்டீர்களா? நாளைச் சாயங்காலத்துக்குள் எனக்குப் பதில் வேண்டும்.